காற்றைக் கேட்டுக் கிளம்புங்கள்: செங்கோட்டைப் பக்கம் சைக்கிளில் சுற்ற ஒரு வழிகாட்டி

தென்காசி, செங்கோட்டை வட்டாரத்துக்கு வேலை மாற்றலாகி வருகிறவர்களும் சரி, குற்றால சீசனுக்கு நாலு நாள் தங்க வருகிறவர்களும் சரி, சைக்கிள் விஷயத்தில் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். போன் மேப்பில் தூரத்தை மட்டும் பார்த்து, "பத்து கிலோமீட்டர்தானே" என்று காலை பத்து மணிக்குக் கிளம்புவார்கள். போகும்போது பறப்பது போல இருக்கும். திரும்பும்போது எதிர்க்காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். கடைசியில் சைக்கிளை ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்வார்கள்.

இந்த வழிகாட்டி வேகமாக ஓட்டுகிறவர்களுக்கு இல்லை. மணிக்குப் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் போதும், நினைத்த இடத்தில் இறங்கி வேடிக்கை பார்க்க வேண்டும் என்கிறவர்களுக்கு. செங்கோட்டையை மையமாக வைத்துச் சொல்லியிருக்கிறோம். தென்காசியிலோ இலஞ்சியிலோ தங்கினாலும் முறை ஒன்றுதான். தூரங்கள் எல்லாம் ஏறக்குறையச் சொன்னவை.

1. முதலில் காற்றைப் பார்த்து நாள் குறியுங்கள்

ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து அடிக்கும் காற்று. மலைத்தொடரில் ஆரியங்காவுக் கணவாய் ஒரு இடைவெளி. கேரளப் பக்கத்துப் பருவக்காற்று அதற்குள் நெருக்கியடித்து நுழைந்து புளியரை, செங்கோட்டை, தென்காசி, சுரண்டை என்று கிழக்கே பாய்கிறது. சுரண்டைப் பக்கம் காற்றாலைகள் நிற்பது இதனால்தான்.

ஆகவே சைக்கிளுக்கு ஒரே விதி: போகும்போது மேற்கே, திரும்பும்போது கிழக்கே. உடம்பில் தெம்பு இருக்கும்போதே எதிர்க்காற்றைச் சமாளித்துவிட்டால், களைத்த பிறகு அதே காற்று வீடுவரை தள்ளிவிடும். தென்காசியில் தங்கியிருந்தால் முதலில் செங்கோட்டை, புளியரைப் பக்கம் போங்கள். சுந்தரபாண்டியபுரம் பக்கம் போவது இந்த விதிக்கு மாறானது. அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறோம்.

வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். காலை 6:15-க்குக் கிளம்பி 9 மணிக்குள் வீடு சேர்வது நல்லது. சாரல் பொழியும் நாளில் மழைக்கோட்டு வேண்டும், ஆனால் தலைவழியாகப் போட்டுக்கொள்ளும் தொளதொள ரகம் வேண்டாம். காற்று உள்ளே புகுந்து, தோணிக்குப் பாய் விரித்தது போல உப்பிக்கொண்டு, வண்டியைப் பக்கவாட்டில் இழுத்துவிடும். இடுப்போடு நிற்கும், ஜிப் வைத்த கோட்டுதான் சரி.

மற்ற மாதங்கள்: அக்டோபர் முதல் டிசம்பர் வரை மதியத்துக்கு மேல் இடியுடன் மழை பெய்யும், காலை பெரும்பாலும் தப்பிக்கும். கார்த்திகை முதல் தேதியிலிருந்து தை பிறக்கும்வரை சபரிமலை வண்டிகள் இரவு பகலாகப் புளியரை ரோட்டில் போகும், அந்த இரண்டு மாதமும் அந்த ரோட்டை விட்டுவிடுங்கள். மார்ச் முதல் மே வரை வெயில், எட்டரைக்கு மேல் வெளியில் இருக்காதீர்கள். எல்லோரும் ஜூலையில்தான் வருகிறார்கள். எங்களைக் கேட்டால், புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு ஜனவரி கடைசியும் பிப்ரவரியும்தான் சுகம். பிப்ரவரி, மார்ச்சில் அறுக்கும் பிசான நெல் முற்றி நிற்கும், காற்று அடங்கியிருக்கும், அருவியில் தண்ணீர் குறைவாக இருக்கும், அதனால் கூட்டமும் குறைவு.

மாலையில் கிளம்பினால் ஒன்று நினைவிருக்கட்டும்: மேற்கே முழுக்க மலை. சூரியன் அதற்குப் பின்னால் சீக்கிரமே இறங்கிவிடும். 5:30-க்குள் ஊர் எல்லைக்குத் திரும்பிவிடுங்கள்.

2. சைக்கிளை ரயிலில் கொண்டுவருவது எப்படி

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் வசதி, அது செங்கோட்டையோடு நின்றுவிடுகிறது. இது சின்ன விஷயம் இல்லை. தென்காசியில் ரயில் சில நிமிடம்தான் நிற்கும். அதற்குள் லக்கேஜ் பெட்டியைத் திறந்து, மூட்டைகளை விலக்கி, உங்கள் சைக்கிளை எடுக்க வேண்டும். செங்கோட்டை கடைசி நிலையம் என்பதால் நிதானமாக இறக்கலாம். நீங்கள் தென்காசியில் தங்கினாலும் செங்கோட்டைக்கே பதிவு செய்து, அங்கிருந்து ஓட்டிக்கொண்டு வாருங்கள். எட்டு கிலோமீட்டர்தான், அதுவும் பின்காற்றில்.

செய்ய வேண்டியது:

முதலில் உங்கள் டிக்கெட்டை உறுதி செய்துகொள்ளுங்கள். ரயில் புறப்பட இரண்டு மணி நேரம் முன்பே நிலையத்தின் பார்சல் ஆபீசுக்குப் போய்விடுங்கள். அரை மணி முன்பு வந்தால் போதும் என்பார்கள், நம்பாதீர்கள். படிவம் நிரப்ப, எடை போட, பணம் கட்ட, லேபிள் ஒட்ட என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை இருக்கும்.

கவுன்ட்டரில் "பார்சல்" என்று சொல்லாதீர்கள், "லக்கேஜ்" என்று கேளுங்கள். லக்கேஜ் என்றால் நீங்கள் போகும் அதே ரயிலில் சைக்கிளும் வரும். பார்சல் என்றால் இடம் இருக்கிற ஏதாவது ஒரு ரயிலில் வரும், இரண்டு நாள் கழித்தும் வரலாம். பலர் ஏமாறுவது இந்த ஒரு சொல்லில்தான்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: டிக்கெட்டும் அதன் நகலும், ஆதார் நகல் இரண்டு, சைக்கிள் வாங்கிய பில்லின் நகல். பில்லை எல்லா இடத்திலும் கேட்பதில்லை, கேட்கும் இடத்தில் இல்லையென்றால் அலைய வேண்டியதுதான். டிக்கெட்டோடு வரும் இலவச எடையில் சைக்கிளைச் சேர்க்க மாட்டார்கள், தனிக் கட்டணம் உண்டு. தூரத்தையும் எடையையும் பொறுத்து அங்கேயே கணக்குப் போடுவார்கள். கட்டிய பணத்துக்கு ரசீது வாங்காமல் நகராதீர்கள். போர்ட்டர் கூலி அதில் சேராது, ஏற்றுவதற்கு முன்பே பேசி முடியுங்கள்.

கட்டும் விதம்: ஹேண்டில், பெடல், கியர் இருந்தால் பின்சக்கரத்து கியர்ப் பகுதி, இந்த மூன்றுக்கும் பழைய சாக்கு அல்லது அட்டை சுற்றிக் கயிறு போடுங்கள். சங்கிலி இருக்கும் பக்கம் மேலே இருக்கும்படி படுக்க வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் அடுத்த மூட்டை வண்டி மேல் விழும்போது அடியில் இருக்கும் கியர் தரையில் அழுந்தி வளையும். பெயர், போன் எண், புறப்படும் நிலையம், சேரும் நிலையம், பி.என்.ஆர் எண் ஆகியவற்றை இரண்டு அட்டையில் எழுதி, ஒன்றைச் சாக்கின் மேலும் ஒன்றைச் சட்டத்திலும் கட்டுங்கள். சாக்கு கிழிந்து அட்டை போனால் சட்டத்தில் இருப்பது காப்பாற்றும். லைட், பம்ப், தண்ணீர் பாட்டில் எதையும் வண்டியில் விடாதீர்கள்.

செங்கோட்டையில் இறங்கியதும் முதல் வேலை ரசீதோடு லக்கேஜ் பெட்டிக்குப் போவது. லாட்ஜுக்குப் போய்க் குளித்துவிட்டு வரலாம் என்று நினைத்தால், வைத்திருந்ததற்கு என்று தனிக் கட்டணம் கேட்பார்கள்.

மடக்கு சைக்கிளாக இருந்தால் பையில் போட்டு இருக்கைக்குக் கீழே வைத்துக்கொள்ளலாம், இந்தப் பாடெல்லாம் இல்லை. பஸ்ஸில் என்றால் முன்சக்கரத்தைக் கழற்றி டிக்கியில் வைக்க டிரைவரிடம் முன்கூட்டியே பேச வேண்டும், கட்டணம் அவர் சொல்வதுதான்.

3. இங்கேயே வாங்குவதாக இருந்தால்

குடிவந்தவர்கள் புதிதாக வாங்கலாம், பழையதும் கிடைக்கும். கியர் இல்லாத சாதாரணப் புதுவண்டி சுமார் 6,000 ரூபாயிலிருந்து தொடங்கும். பழைய வண்டி 2,000, 3,000-க்குப் படியும். பழையது என்றால் நாலு இடம் பாருங்கள்: சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினால் பிரேக் கட்டையில் உரசாமல் சுற்ற வேண்டும். பெடல் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடக் கூடாது. டயரின் பக்கச் சுவரில் வெடிப்பு இருக்கக் கூடாது. சட்டத்தில் வெல்டிங் போட்ட இடத்தில் பெயின்ட் பூசி மறைத்திருந்தால் வேண்டாம்.

அரசு முத்திரை போட்ட பள்ளி மாணவர் சைக்கிளை யாராவது மலிவாகத் தள்ளப் பார்த்தால் வாங்காதீர்கள். அது விற்கக் கொடுத்த வண்டி இல்லை.

ஒரு யோசனை: பெரிய ஊரிலிருந்து 700 சி, 29 இன்ச் சக்கர வண்டி கொண்டுவந்தால் டியூபும் கூடவே இரண்டு வாங்கி வாருங்கள். இங்கே சின்னக் கடைகளில் 26 இன்ச் டியூப் சுலபமாகக் கிடைக்கும், மற்றவை கிடைத்தால் அதிர்ஷ்டம். ஒல்லி வால்வு வைத்த டியூப் என்றால் அதற்கான பித்தளை அடாப்டர் ஒன்று பையில் கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாமல் எந்தப் பஞ்சர் கடையிலும் காற்றடிக்க முடியாது.

4. கிளம்பும் முன் ஐந்து நிமிடம்

டயரின் பக்கவாட்டில் எத்தனை பி.எஸ்.ஐ (காற்றழுத்த அளவு) என்று அச்சிட்டிருக்கும். அதன் மேல் எல்லைக்குக் கொஞ்சம் கீழே வையுங்கள். தடித்த மலை சைக்கிள் டயருக்கு 40 முதல் 50, கொஞ்சம் ஒல்லியான டயருக்கு 55 முதல் 65 இந்த ரோடுகளுக்குச் சரியாக இருக்கும். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து "கல்லாட்டம் இருக்கு" என்று விட்டுவிடாதீர்கள். காற்று குறைந்தால் குழியில் இறங்கும்போது டியூப் ரிம்மில் நசுங்கிப் பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும்.

பிரேக் லீவரை முழுக்க அமுக்கினாலும் கைப்பிடியைத் தொடக் கூடாது, நடுவில் இரண்டு விரல் இடைவெளி வேண்டும். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைக் கீழ்ப் பெடலில் வைத்தால் முழங்கால் நேராக நிற்க வேண்டும். அதுதான் சீட் உயரம். சீட்டைத் தாழ்த்தி வைத்து ஓட்டுகிறவர்கள்தான் முழங்கால் வலி என்று இரண்டாம் நாளே வண்டியைச் சாத்திவிடுகிறார்கள். சங்கிலிக்கு எண்ணெய் விட்டால் துணியால் துடைத்துவிடுங்கள். மேலே நிற்கும் எண்ணெய் புழுதியைத்தான் சேர்க்கும்.

பையில்: ஒரு டியூப், பஞ்சர் செட், டயர் லீவர் இரண்டு, கைப்பம்ப், சக்கர நட்டுக்கான ஸ்பேனர் (பெரும்பாலும் 15 மி.மீ.), ஒரு லிட்டர் தண்ணீர், போனுக்கு ஒரு பாலித்தீன் கவர், சில்லறையாக 300 ரூபாய். கண்ணில் போட ஒரு கண்ணாடி கட்டாயம், பவர் இல்லாத வெறும் கண்ணாடியாக இருந்தாலும் போதும். எதற்கு என்று முதல் நாள் வழியில் வரும் பிரானூரில் தெரியும்.

5. காகிதங்கள்

சைக்கிளுக்கு லைசென்ஸ், ஆர்.சி, இன்சூரன்ஸ் எதுவும் தேவையில்லை. மாநில எல்லையைத் தாண்டவும் சைக்கிள்காரருக்கு பாஸ், பெர்மிட் எதுவும் கிடையாது. புளியரைச் சோதனைச் சாவடியில் நிறுத்தினால் ஒரு அடையாள அட்டை காட்டினால் போதும். சைக்கிள் பில்லையும் சட்டத்துக்கு அடியில் இருக்கும் எண்ணையும் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டி காணாமல் போனால் போலீசில் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.

காட்டுக்குள் போகும் ரோடு என்றால் கதை வேறு. அங்கே வனத்துறை சொல்வதுதான் சட்டம்.

6. முதல் நாள்: இலஞ்சி வழியாகக் குற்றாலம் (போக வர 20 கிலோமீட்டருக்குள்)

பழக்கமில்லாதவர்கள் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஏற்றம் குறைவு, வழியெல்லாம் கடை, பஞ்சரானாலும் ஆள் இருக்கும்.

செங்கோட்டையை விட்டதும் பிரானூர். ரோட்டோரம் முழுக்க மர அறுவை மில்கள். யானைக்கால் தடிமன் மரங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, வெட்டுமுகத்தில் சாக்பீஸால் எண் போட்டிருப்பார்கள். மில் ஓடும் நேரத்தில் மேல்காற்று மரத்தூளை அள்ளிக்கொண்டு வந்து ரோட்டின் குறுக்கே வீசும். கண்ணாடி அதற்குத்தான். வேடிக்கை பார்க்க வேண்டுமென்றால் லாரி திரும்பும் வாசலில் நிற்காமல், காம்பவுண்டை ஒட்டி நில்லுங்கள்.

பிரானூர் பார்டர் பரோட்டாக் கடைகளுக்காகவே இங்கே வருகிறவர்கள் உண்டு. காலை ஆறரைக்கு அங்கே நாற்காலிகள் மேஜைமேல்தான் இருக்கும். பரோட்டாவுக்கு மதியம் தனியாக வாருங்கள். அதைத் தின்றுவிட்டு எதிர்க்காற்றில் பெடல் மிதிக்கிற வீரம் யாருக்கும் வேண்டாம்.

இலஞ்சி குமாரர் கோவில் சிற்றாற்றங்கரையில் இருக்கிறது. கோவிலுக்கு முன்னால் நிழலும் தண்ணீரும் உண்டு, முதல் ஓய்வு இங்கேதான். பூட்டு போடாமல் உள்ளே போகாதீர்கள்.

இந்த ரோட்டில் காற்று பக்கவாட்டில் அடிக்கும். பஸ் உங்களைக் கடக்கும்போது காற்று ஒரு நொடி நின்றுபோகும், பஸ் போனதும் மொத்தமாக வந்து மோதும். அந்த இரண்டாவது அடியில்தான் ஹேண்டில் ஆடி ஆட்கள் விழுகிறார்கள். பெரிய வண்டியின் சத்தம் பின்னால் கேட்டதுமே இரண்டு கையாலும் ஹேண்டிலை இறுகப் பிடித்து, மண்ணோரத்திலிருந்து ஒரு முழம் உள்ளே ஓட்டுங்கள். தார் முடியும் விளிம்பை ஒட்டியே ஓட்டினால் ஆடும்போது இறங்க இடம் இருக்காது.

குற்றாலத்தில் சைக்கிளைக் கடைக்காரர் யாரிடமாவது சொல்லிவிட்டு நிறுத்துங்கள். "அண்ணாச்சி, ஒரு அரை மணி நேரம் பாத்துக்கிடுங்க" என்றால் போதும், திரும்பி வந்து அவரிடமே ஒரு டீ குடித்துவிடுங்கள். ஹேண்டிலில் பை தொங்கவிட்டுப் போனால் திரும்பி வரும்போது குரங்கு அதைப் பிரித்து முடித்திருக்கும். பிளாஸ்டிக் கவர் சத்தம் கேட்டாலே வந்துவிடும். சீசனில் ரம்புட்டான், மங்குஸ்தான் குவித்து வைத்திருப்பார்கள். முதல் கடையில் விலை கேட்டுவிட்டு நாலாவது கடையில் வாங்குங்கள். தண்ணீர் அதிகமாகி மெயினருவியில் தடை போட்டிருந்தால் போலீஸ்காரரிடம் வாதாடாதீர்கள், அது திடீரென வருகிற வெள்ளம்.

ஜூலை, ஆகஸ்ட் சனி ஞாயிறுகளில் இந்தப் பக்கமே வேண்டாம். கார்கள் நகராது, சைக்கிள் நுழையவும் இடம் இருக்காது.

7. இரண்டாம் நாள்: பண்பொழி (போக வர சுமார் 16 கிலோமீட்டர்)

செங்கோட்டையிலிருந்து வடக்கே. எங்கள் பார்வையில் இந்த வட்டாரத்திலேயே சைக்கிளுக்கு ஏற்ற ரோடு இதுதான்: தென்னந்தோப்பு, வயல், குளம், இடதுபக்கம் முழுக்க மலை. குன்றின் மேல் இருக்கும் திருமலைக் குமாரசுவாமி கோவில் தூரத்திலேயே தெரியும், அதை வைத்தே வழி பிடிக்கலாம். மலைமேல் ஏற வண்டிப் பாதை உண்டு, ஆனால் சைக்கிளை அடிவாரத்தில் பூட்டிவிட்டுப் படியேறுங்கள். அறுநூறுக்கு மேல் படி. சைக்கிளை மேலே தள்ளிக்கொண்டு போனால் இறங்கும்போது பிரேக் கட்டை தேய்ந்துபோகும்.

பண்பொழிக்கு மேல் இன்னும் சில கிலோமீட்டர் போனால் மேக்கரையும் அடவிநயினார் அணையும். 132 அடி உயர அணை. இங்கே கவனம் வேண்டும். மேக்கரை, வடகரைப் பக்கத் தோப்புகளுக்கு இரவில் யானை இறங்குவது வழக்கமான செய்தி. காலை ஏழு மணிக்கு முன்பும் மாலை ஐந்துக்குப் பிறகும் அங்கே இருக்காதீர்கள். போகும் வழியில் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்களிடம் "ராத்திரி ஆனை வந்துச்சா?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதுதான் அன்றைய நிலவரம். மேக்கரைக்கு மேல் அச்சன்கோவிலுக்குப் போகும் மலைப்பாதை காட்டுக்குள் போகிறது. நிதானச் சைக்கிளுக்கு அது இல்லை, அங்கேயே திரும்பிவிடுங்கள்.

குண்டாறு அணைக்குக் கண்ணுப்புளிமெட்டு வழியாகப் போகலாம். 36 அடிதான், அதனால் சீசனில் இந்த வட்டாரத்தில் முதலில் நிரம்பி வழிவது இதுவாக இருக்கும். கடைசிப் பகுதி ஏற்றம், இறங்கித் தள்ளுங்கள்.

8. மூன்றாம் நாள்: புளியரையும் எல்லையும்

செங்கோட்டையிலிருந்து புளியரை ஆறேழு கிலோமீட்டர், நேர் எதிர்க்காற்று. சீசனில் போக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், திரும்ப இருபத்தைந்து நிமிடம் போதும். இரண்டு பக்கமும் வயல், எதிரே மலைச்சுவர். அழகு எல்லாம் சரி, ஆனால் இது கொல்லம் போகும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. கல், எம்-சாண்ட், காய்கறி என்று கேரளாவுக்குப் போகும் லாரிகள் ஓயாது. ஞாயிறு காலை கொஞ்சம் பரவாயில்லை. புளியரை தட்சிணாமூர்த்தி கோவிலுக்கு வியாழக்கிழமை கூட்டம் வரும், அன்றைக்குத் தவிருங்கள்.

சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசைகட்டி நிற்கும்போது, லாரிக்கும் மண்ணோரத்துக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் நுழைந்து முன்னேறாதீர்கள். லாரி நகர்ந்தால் டிரைவர் கண்ணுக்கு இடதுபக்கத்தில் சைக்கிள் தெரியவே தெரியாது. இறங்கி, மண்ணில் தள்ளிக்கொண்டு போங்கள்.

சாவடிக்கு மேல் மலை ஏற்றம், எஸ் வளைவு. தள்ளிக்கொண்டாவது முதல் வளைவுவரை போய்ப் பாருங்கள், கீழே வயல்களும் ரயில் பாதையும் தெரியும். அதற்கு மேல் வேண்டாம். இறங்கும்போது இரண்டு பிரேக்கையும் வளைவுக்கு முன்பே பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவில் விட்டுவிடுங்கள். வளைந்துகொண்டே முன் பிரேக்கை அமுக்கினால் சாரலில் நனைந்த தாரில் முன்சக்கரம் வழுக்கும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால் நனைந்ததும் முதல் சில சுற்றுகளுக்குப் பிடிக்காது. மேலிருந்தே லேசாகத் தொட்டுத் தொட்டு ரிம்மை உலர்த்திக்கொண்டு வாருங்கள்.

மலைக்கு அந்தப் பக்கம் பார்க்க ஆசை இருந்தால் சைக்கிளைச் செங்கோட்டை நிலையத்தில் விட்டுவிட்டு, கொல்லம் பக்கம் போகும் ரயிலில் தென்மலைவரை டிக்கெட் எடுங்கள். பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் நுழைந்து, ஆரியங்காவு, இடப்பாளையம், கழுதுருட்டி. பதிமூன்று கண் ரயில் பாலத்தையும் மேலே இருந்தே பார்த்துவிடலாம். அந்தப் பக்கம் தமிழ் நன்றாகவே செல்லும். "சேட்டா, ஒரு சாயா" என்று கேட்டால் கூடவே பழம்பொரியும் வரும்.

9. சூரியகாந்தி பார்க்க சுந்தரபாண்டியபுரம்

ஜூலை, ஆகஸ்டில் பூக்கும். தென்காசிக்குக் கிழக்கே என்பதால் போகும்போது பின்காற்று, திரும்பும்போது எதிர்க்காற்று. பூக்கும் காலமும் காற்றுக் காலமும் ஒன்றாக வருவதால் தப்ப வழியில்லை. தென்காசியிலிருந்து ஆறு மணிக்கே கிளம்பி, ஏழரைக்குத் திரும்பத் தொடங்கிவிடுங்கள். போக நாற்பது நிமிடம் என்றால் திரும்ப ஒன்றேகால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். முடியவில்லை என்றால் லோடு ஆட்டோவுக்கு என்று 500 ரூபாய் தனியாக இருக்கட்டும்.

பூவுக்குள் இறங்கிப் படமெடுக்கும் முன் தோட்டக்காரரிடம் கேளுங்கள். சிலர் காசு கேட்பார்கள், அது நியாயம்தான், மிதிபடுவது அவர்கள் வெள்ளாமை.

10. வழியில் எதிர்ப்படுபவை

அறுவடைக் காலத்தில் ரோட்டின் பாதியில் நெல் காயும். கார் நெல் என்றால் செப்டம்பர், அக்டோபர். பிசானம் என்றால் பிப்ரவரி, மார்ச். ஓரத்தில் கல்லும் பனைமட்டையும் வரிசையாக வைத்து எல்லை போட்டிருப்பார்கள். ஒரு ஆச்சி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, காலைத் தரையோடு இழுத்து இழுத்து நெல்லைக் கோடு கோடாகப் புரட்டிக்கொண்டிருப்பார். அதன் மேல் ஓட்டாதீர்கள். மரியாதை ஒரு பக்கம் இருக்க, உருளும் நெல்மணியில் சைக்கிள் சக்கரம் நிற்கவே நிற்காது. எதிரே வண்டி வந்தால் நெல்லுக்கு முன்பே நின்று, அது போன பிறகு மிச்ச ரோட்டில் போங்கள். எல்லைக் கல்லை இரவில் யாராவது எடுக்காமல் விட்டிருப்பார்கள், இருட்டில் ஓட்டக் கூடாது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அறுத்த வயலில் வாத்து மேய்ப்பவர்கள் நூற்றுக்கணக்கில் ஓட்டி வருவார்கள். ரோட்டைக் கடக்கும்போது மணியடிக்காதீர்கள், கூட்டம் இரண்டாகச் சிதறினால் சேர்ப்பதற்கு அவருக்கு அரை மணி ஆகும்.

மயில் ஒன்று கடந்தால் பின்னால் இன்னொன்று வரும். வேகத்தைக் குறைத்து இரண்டாவதுக்குக் காத்திருங்கள். நாய் துரத்தினால் வேகம் கூட்டாமல் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள், ஓடாத ஆளை அது விட்டுவிடும். ரயில்வே கேட்டில் தண்டவாளத்தை நேர்க்குறுக்காகக் கடக்க வேண்டும், சாய்வாகப் போனால் முன்சக்கரம் இடுக்கில் சிக்கும். கோவில் கொடை (திருவிழா) நடக்கும் தெருவில் பந்தல்கால் நடுரோட்டில் இருக்கும், மேளத்தில் உங்கள் மணி கேட்காது, இறங்கித் தள்ளுங்கள். கூப்பிட்டுச் சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டுவிட்டே போகலாம்.

வழி கேட்டால் யாரும் தெரியாது என்று சொல்ல மாட்டார்கள். "இந்தா, கொஞ்ச தூரந்தான்" என்பது அரைக் கிலோமீட்டராகவும் இருக்கலாம், ஐந்தாகவும் இருக்கலாம். தூரத்தைக் கேட்காதீர்கள். "அடுத்த ஊர் என்ன அண்ணாச்சி, பாலம் வருமா, ஏத்தம் இருக்கா?" என்று கேளுங்கள், பதில் துல்லியமாக வரும்.

11. பஞ்சர்

இங்கே பஞ்சருக்குப் பெரும்பாலும் காரணம் சீமைக்கருவேல முள். வேலி வெட்டிய நாளில் மண்ணோரத்தில் இறங்கினால் நிச்சயம் ஏறும். முள்ளைப் பிடுங்கியதும் காற்று இறங்கும், பிடுங்காமல் பக்கத்துக் கடைவரை போய்விடலாம். ஆகவே முள் தெரிந்தால் அவசரப்பட்டு இழுக்காதீர்கள். கடை பக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு பஞ்சர் ஒட்ட 50 ரூபாய் அளவில் கேட்பார்கள்.

நீங்களே ஒட்டுவதென்றால்: டியூபைக் கழற்றிக் காற்றடித்து, கன்னத்தருகே கொண்டுபோய் ஓட்டையைக் கண்டுபிடியுங்கள். உப்புத்தாளால் அந்த இடத்தைப் பளபளப்புப் போகத் தேயுங்கள். சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டுகிறவர்களுக்குத்தான் அரைக் கிலோமீட்டரில் மறுபடி காற்று இறங்குகிறது. விரலால் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் ஒட்டுத் துண்டை வைத்து நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்துங்கள். டியூபை மாட்டும் முன் டயரின் உள்பக்கம் முழுக்க ஒரு துணியை ஓட்டுங்கள், மிச்ச முள் இருந்தால் துணி மாட்டும். விரலை ஓட்டினால் விரல் கிழியும். சாரலில் ஒட்டு பிடிக்காது, அன்றைக்குப் புது டியூபை மாட்டிவிட்டுப் பழையதை வீட்டில் வைத்து ஒட்டுங்கள்.

12. திரும்ப அனுப்பும்போது

சாரலில் ஓட்டிய வண்டியை அப்படியே சாக்கில் கட்டினால் சென்னை போய்ச் சேர்வதற்குள் சங்கிலி செம்பட்டையாகிவிடும். முந்தின நாளே கழுவி, துடைத்து, எண்ணெய் விட்டு வையுங்கள். செங்கோட்டைப் பார்சல் ஆபீசில் பகலில் போய், எத்தனை மணிக்குள் கொண்டுவர வேண்டும், அந்த ரயிலில் லக்கேஜ் பெட்டியில் இடம் இருக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சீசன் முடியும் வாரங்களில் ஊர் திரும்பும் கூட்டத்தோடு சுமையும் சேரும். வரும்போது போட்ட சாக்கையும் கயிறையும் தூக்கி எறிந்திருந்தால், மளிகைக் கடையில் பழைய சாக்கு பத்து, இருபது ரூபாய்க்குத் தருவார்கள். கடை அடைப்பதற்கு முன் வாங்கிவிடுங்கள்.